எல்லா டெஸ்டும் பச்சை

போன வருடம் ஒரு சனிக்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். அரைத் தூக்கத்தில் போனை எடுத்தேன். நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்த ஒரு சனலிங் சென்டரின் வரவேற்பில் இருக்கிற அக்கா.

"தங்கச்சி, டொக்டர் இண்டைக்கு வரமாட்டார் எண்டு நேற்றுப் பின்னேரமே கொம்பியூட்டரில போட்டுட்டன். ஆக்களுக்கு மெசேஜ் போகேல்லையே? இஞ்ச பதினெட்டுப் பேர் வந்து நிக்கினம்."

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "இல்லையக்கா, போயிருக்கும். டெஸ்ட் எல்லாம் பாஸ்."

அவவுக்கு டெஸ்ட் என்றால் இரத்தம் எடுக்கிறதுதான். "என்ன டெஸ்ட்?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

நான் அங்கே போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. பாதிப்பேர் ஏசிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். வாங்கில் ஒரு அம்மா மட்டும் அசையாமல் இருந்தா. துணுக்காய்ப் பக்கம். விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறா. சீனி வருத்தம். டொக்டரைக் காட்ட முதல் இரத்தம் குடுக்கவேணும் என்று வெறும் வயிற்றோடு வந்தவ. அந்த டொக்டர் கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும்தான் வருவார். என்னைக் கண்டதும் தன்னுடைய சின்ன பட்டன் போனை நீட்டினா.

"பார் பிள்ளை, இதுக்கு ஒண்டும் வரேல்லைப் போல. நான்தான் பாக்கத் தெரியாமல் அழிச்சுப் போட்டனோ தெரியேல்லை."

திறந்து பார்த்தேன். போன் கம்பனியின் விளம்பரங்கள் மட்டும்தான் இருந்தன. எங்களுடைய மெசேஜ் இல்லை. "சிஸ்டத்தில ஏதோ பிழை அம்மா" என்றேன். சிஸ்டமாம்! அந்தப் பகுதியை எழுதினது நான். அதற்கு டெஸ்ட் எழுதினதும் நான். வியாழக்கிழமை பின்னேரம் அந்த டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக எரிந்ததைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனதும் நான்தான்.

அந்தப் பச்சை எப்படிப் பொய் சொன்னது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோட் எழுதாதவர்களும் வாசிக்கலாம். பயப்படவேண்டாம், ஒரு வரி கோட் கூட இல்லை.

முதலில் யூனிட் டெஸ்ட். ஒரு பெரிய மென்பொருளில் ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியே எடுத்து, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று இன்னொரு சின்ன நிரலை எழுதிச் சோதிப்பதுதான் அது. சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. கூட்டல் கணக்குச் செய்கிற துண்டு என்றால் வேலை சுகம்: இரண்டையும் மூன்றையும் குடுத்து ஐந்து வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஆனால் நான் எழுதின துண்டு எதையும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதில்லை. அது வேறொரு பகுதிக்கு வேலை சொல்லுகிறது. டொக்டர் வரமாட்டார் என்று பதிந்தவுடன், அன்றைக்குப் பதிந்திருக்கிற ஆட்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி அனுப்புகிற பகுதியை ஏவுகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

இதை எப்படிச் சோதிப்பது? டெஸ்டுகள் ஒரு நாளைக்கு நூறு தரம் ஓடும். ஒவ்வொரு தரமும் உண்மையான எஸ்எம்எஸ் அனுப்ப ஏலாது. காசு போகும், நேரம் போகும், ஆரோ ஒருவருடைய போன் நாள் முழுக்கக் கத்தும். அதனால் உண்மையான அனுப்புநர் நிற்கிற இடத்தில் ஒரு பதிலாளை நிறுத்துவோம். அதுதான் மொக் ஒப்ஜெக்ட்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழகினவர்களுக்கு இது உடனே பிடிபடும். அரசனாக நடிக்கிறவன் ஒத்திகைக்கு வரமாட்டான். அவனுக்குக் கிரிக்கெட் பிராக்டிஸ். அவன் நிற்கிற இடத்தில் சும்மா நிற்கிற ஒருத்தியைப் பிடித்து நிறுத்தி, "நான் இதைச் சொன்னதும் நீ 'ஆகட்டும் மந்திரியே' எண்டு சொல்லு" என்று சொல்லிவைப்போம். அவளும் சொல்லுவாள். நம்முடைய பகுதியை நாங்கள் பழகிக்கொள்ளலாம். மொக்கும் அதே மாதிரித்தான். ஒரு வித்தியாசம்: அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். தன்னை ஆர் கூப்பிட்டார்கள், எத்தனை தரம், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று பிறகு கேட்டால் அட்சரம் பிசகாமல் சொல்லும்.

அந்தக் கேள்விக்குத்தான் எதிர்பார்ப்பு என்று பெயர். ஜாவாவில் இதற்கு நான் பாவிக்கிறது மொக்கிட்டோ. என்னுடைய டெஸ்டைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்: "அனுப்புநரே, உம்மை அனுப்பச் சொன்னால் 'சரி' என்று சொல்லும். இப்போது டொக்டர் வரமாட்டார் என்று பதிகிறேன். இனிச் சொல்லும்: 077 என்று தொடங்குகிற இந்த இலக்கத்துக்கு, இந்த வசனத்தோடு, ஒரேயொரு தரம் உம்மை அனுப்பச் சொன்னார்களா?" ஓம், சொன்னார்கள். பச்சை.

சனிக்கிழமை பின்னேரம் ஒபிசுக்குப் போய் லொக்கைத் திறந்து பார்த்தேன். பதினெட்டுப் பேருக்கும் என்னுடைய துண்டு அனுப்பச் சொல்லித்தான் இருக்கிறது. அனுப்புநரும் எஸ்எம்எஸ் கம்பனியின் சேர்வருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அந்த சேர்வர் 200 என்று பதில் சொல்லியிருக்கிறது. இணையத்தில் 200 என்றால் நல்லபடி கிடைத்தது என்று அர்த்தம். எங்கள் கோட் அதோடு திருப்திப்பட்டு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பதிலின் உள்ளே இன்னொரு வரி இருந்தது: இலக்கம் செல்லாது. அந்தச் சேர்வருக்கு இலக்கம் 94 என்று தொடங்கவேணும். நான் குடுத்தது 0 என்று தொடங்குகிற, நாங்கள் எல்லாரும் போனில் அழுத்துகிற இலக்கம்.

அப்போ பதிவை உறுதிப்படுத்துகிற மெசேஜ்கள் இவ்வளவு நாளும் எப்படிப் போயின? அந்தப் பகுதியை எனக்கு முதல் இருந்த ஒருவர் எழுதியிருந்தார். அனுப்ப முதல் 0 ஐ எடுத்து 94 ஐப் போடுகிற வேலையை அவர் தன்னுடைய துண்டுக்குள்ளேயே செய்திருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் புதிதாக எழுதின ரத்து அறிவித்தல் அந்த வழியால் போகவில்லை. தனியாகச் சோதித்துப் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை, சின்ன இடம். டெஸ்ட் பச்சை என்றால் அனுப்பிவிடுவோம்.

இப்போது அந்த டெஸ்டைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். 077 என்று கோடில் எழுதினது நான். 077 வரவேணும் என்று எதிர்பார்ப்பில் எழுதினதும் நான். 'சரி' என்று பதில் சொல்லச் சொன்னதும் நான். அந்த டெஸ்டுக்குள் என்னைத் தவிர வேறு ஒருத்தரும் இல்லை. உலகம் எப்படி இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. நான் நினைத்ததை நானே ஒப்புக்கொள்கிறேனா என்றுதான் கேட்டது.

திங்கட்கிழமை எங்கள் டீம் லீட் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவ ஸ்க்ரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னா: "இது சொல்லிக்குடுத்த சாட்சியெல்லோ? நீ என்ன சொல்லச் சொன்னியோ அதைத்தான் சொல்லுது."

"அப்ப மொக் எல்லாத்தையும் தூக்கிடுவமா அக்கா?"

"ஏன்? அது தன்ர வேலையைச் சரியாத்தானே செய்தது. அதிட்ட கேட்கக் கூடாததைக் கேட்டது நீ."

அந்த வாரம் நான் நிறைய வாசித்தேன். மொக் ஒப்ஜெக்ட் என்கிற யோசனை 1990களின் கடைசியில் லண்டனில் கூடிப் பேசுகிற சில நிரலாளர்களிடமிருந்து வந்தது. டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், பிலிப் கிரெய்க் மூவரும் 2000ஆம் ஆண்டு இத்தாலியின் சார்டீனியாவில் நடந்த ஒரு மாநாட்டில் இதைக் கட்டுரையாக முன்வைத்தார்கள். அவர்களுடைய பிரச்சினை, காசு செலவில்லாமல் டெஸ்ட் ஓட்டுவது மட்டுமில்லை. ஒரு ஒப்ஜெக்டின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அது மற்றவர்களோடு எப்படிக் கதைக்கிறது என்பதை வைத்து மட்டும் அதைச் சோதிக்க முடியுமா என்பதுதான். அவர்களில் மெக்கின்னனும் ஃப்ரீமனும் 2004இல் இன்னும் இருவரோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பே, மொக் செய்யவேண்டியது பாத்திரங்களை, பொருட்களை அல்ல என்று சொல்லுகிறது. அதாவது "எனக்கு மெசேஜ் கொண்டுபோகிற ஒருவர் வேணும்" என்பது பாத்திரம். அந்தப் பாத்திரத்தோடு என் துண்டு எப்படிக் கதைக்கவேணும் என்பதை எதிர்பார்ப்பால் எழுதலாம். இன்ன கம்பனியின் சேர்வர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எழுத ஏலாது. அது என்னுடையது இல்லை. எனக்குச் சொந்தமில்லாததை மொக் செய்தால், அதைப் பற்றின என்னுடைய கற்பனையைத்தான் மொக் செய்கிறேன்.

மொக் எவ்வளவு தலையாட்டும் என்பதற்கு இன்னொரு உதாரணம். பைத்தன் எழுதுகிற நண்பர்கள் இதைக் கவனியுங்கள். பைத்தனின் மொக்கிடம் இல்லாத ஒரு செயலைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கித் தந்துவிடும். "ஒரு தரம் அழைக்கப்பட்டதை உறுதிசெய்" என்கிற செயல் 3.6ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முதல், 3.3, 3.4 காலத்தில் அதை எழுதினவர்களுக்கு ஒரு பிழையும் வராது. ஏனென்றால் மொக் அதையும் இன்னொரு அழைப்பு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். டெஸ்ட் பச்சை. ஒன்றுமே சோதிக்கப்படவில்லை. 3.5இல்தான் 'அசெர்ட்' என்று தொடங்குகிற தெரியாத பெயர்களைக் கண்டால் கத்துகிற மாதிரி மாற்றினார்கள். ஜாவாவின் மொக்கிட்டோவும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுக்காத கேள்வியைக் கேட்டால் பூச்சியம், இல்லை, வெறும் பட்டியல் என்று ஏதாவது ஒன்றைச் சத்தமில்லாமல் தந்துவிடும்.

நாங்கள் செய்த முதல் திருத்தம் சின்னது. இலக்கத்தைச் சும்மா எழுத்துக்களாகக் கொண்டு திரியாமல், அதற்கென்று ஒரு வகை செய்தோம். 0 என்று வந்தாலும் 94 என்று வந்தாலும் உள்ளே ஒரே வடிவம்தான். இனிமேல் ஆரும் மறந்துபோய் பிழையான வடிவத்தைக் கொடுக்க ஏலாது. இதைச் சோதிக்க மொக்கே தேவையில்லை. கூட்டல் கணக்கு மாதிரித்தான்.

இரண்டாவது, எஸ்எம்எஸ் கம்பனியோடு கதைக்கிற வேலை முழுவதையும் ஒரே ஒரு இடத்துக்குக் கொண்டுவந்தோம். அந்த இடத்துக்கு மட்டும் மொக் இல்லாத டெஸ்ட். கம்பனியின் பரீட்சார்த்தக் கணக்கில், எங்களுடைய சொந்த போன்களுக்கு, இரவில் ஒரு தரம் உண்மையாகவே அனுப்பிப் பார்க்கிறது. ஐந்தே ஐந்து டெஸ்ட்தான். முதல் இரவே அது ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து என்று நினைத்து அந்த அளவில் எங்கள் வசனங்களை வெட்டிவைத்திருந்தோம். அது ஆங்கிலத்துக்கு. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70தான், நீண்டு பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67தான். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தைக் கணக்கெடுப்பதில்லை. 'டொக்டர்' என்பது எங்களுக்கு நாலு எழுத்து. கொம்பியூட்டருக்குக் கொம்பும் புள்ளியும் தனித்தனி, ஆக ஏழு. ஒரு மெசேஜ் என்று நினைத்து அனுப்பினது மூன்றாகக் கணக்காகிக்கொண்டிருந்தது. எந்த மொக்காவது இதைச் சொல்லியிருக்குமா? அதற்குத் தமிழும் தெரியாது, பில்லும் தெரியாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. லீட் அக்கா கேட்டா: "சரி, நாளைக்கு அந்தச் சேர்வர் மாட்டன் எண்டு சொன்னால் என்ன செய்யப்போறாய்?" நான் யோசித்தே இருக்கவில்லை. உண்மையான சேர்வரை வேண்டுமென்று விழுத்தி இதைச் சோதிக்க ஏலாது. மொக்கால் ஏலும். "அனுப்பச் சொன்னால் 'மாட்டேன்' என்று சொல்" என்று ஒரு வரியில் சொல்லிக்கொடுக்கலாம். அப்படிச் சொன்னால், வரவேற்பில் இருக்கிற அக்காவின் "போன் எடுக்கவேண்டியவர்கள்" பட்டியலில் அந்த ஆளின் பெயர் போய்ச் சேரவேணும். அதுதான் எதிர்பார்ப்பு. அதோடு இன்னொன்று: தாங்களே பதிவை ரத்துச் செய்துவிட்ட ஆளுக்கு ஒருபோதும் அனுப்பக் கூடாது. 'ஒருபோதும் அழைக்கப்படவில்லை' என்கிற எதிர்பார்ப்பு மொக்கிட்டோவில் இருக்கிறது. நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று உறுதிசெய்ய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மொக் எதற்கு நல்லது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொல்லவைக்க நான் அதைப் பாவித்திருந்தேன். எல்லாம் பிழைத்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்கத்தான் அதைப் பாவித்திருக்கவேணும்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அடுத்த இரண்டு மாதம் மற்றப் பக்கம் போய் விழுந்தேன். பயத்தில் எல்லாவற்றுக்கும் எதிர்பார்ப்பு எழுதினேன். பட்டியலை ஒரு தரம் கேட்டதா, டொக்டரின் பெயரை ஒரு தரம் கேட்டதா, அதற்குப் பிறகுதான் இதைக் கேட்டதா, வேறு ஒன்றும் கேட்கவில்லையா. ஒரு நாள் இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றினேன். வேலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பதினொரு டெஸ்ட் சிவப்பு. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பிழையே இல்லாத கோடுக்காக டெஸ்டுகளைத் திருத்தினேன். சமையல் பழக்குகிற ஆள், கறி உருசியா என்று பார்க்காமல், "ஏன் வெங்காயத்துக்கு முதல் மிளகாயை வெட்டினனீ?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் நிற்கிற மாதிரி.

இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு இது. என் துண்டு ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறதென்றால், அந்தப் பட்டியலைத் தா, இந்த இலக்கம் என்ன என்கிற மாதிரி, பதிலை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். அதை எத்தனை தரம் கேட்டாலும் உலகத்தில் ஒன்றும் மாறாது. அதற்குப் பெயர் ஸ்டப். என் துண்டு ஒருவரை ஏவி ஒரு வேலையைச் செய்விக்கிறதென்றால், மெசேஜ் அனுப்பு, காசை எடு, பட்டியலில் பெயரைப் போடு என்கிற மாதிரி, அதற்குத்தான் எதிர்பார்ப்பு. அது இரண்டு தரம் நடந்தால் ஆருக்கோ நட்டம். நடக்காவிட்டால் ஆரோ பஸ் ஏறி வருவார்கள். நானாகக் கண்டுபிடித்த விதி இல்லை இது. ஸ்டீவ் ஃப்ரீமனும் நாட் பிரைஸும் 2009இல் எழுதின புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை வாசிக்க ஒரு சனிக்கிழமை தேவைப்பட்டது.

டெஸ்டுகளுக்குப் பெயர் வைக்கிற விதத்தையும் மாற்றிவிட்டேன். முதல் எல்லாம் "அனுப்புநர் ஒரு தரம் அழைக்கப்படுகிறது" என்று இருக்கும். இப்போது "மெசேஜ் போகாவிட்டால் அக்காவுக்குத் தெரியவேணும்" என்று இருக்கிறது. பெயரில் ஒரு மனுசரைப் போட்டு எழுதும்போது, நான் எதைச் சோதிக்கிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரிகிறது.

அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்தாவாம். நான் அங்கே இருக்கவில்லை. அன்றைக்கு வந்த முதலே அவவுக்கு ஒரு தேத்தண்ணியும் பணிசும் வாங்கிக் குடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு விட்டேன். பஸ் காசும் குடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. "உனக்கும் ஏச்சு விழும் பிள்ளை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றா.

போன மாதம் டொக்டர் திரும்பவும் ஒரு சனிக்கிழமை வரவில்லை. இருபத்தொரு பேர். பத்தொன்பது மெசேஜ் போய்ச் சேர்ந்தது. இரண்டு இலக்கங்களைச் சேர்வர் மறுத்துவிட்டது. ஒன்றில் ஒரு இலக்கம் குறைவு, மற்றதில் என்ன பிழை என்று இன்னும் பார்க்கிறேன். இரண்டு பெயரும் வரவேற்பு அக்காவின் பட்டியலில் வந்திருந்தன. குறைவாக இருந்த இலக்கத்தைப் பழைய கொப்பியில் தேடி எடுத்தாவாம். மற்ற ஆள் முதல் மூன்று தரமும் போனை எடுக்கவில்லையாம். இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து நாலாவது தரம் எடுத்துப் பார்த்தாவாம், கதைத்துவிட்டாவாம்.

"இதையும் உங்கட டெஸ்டில போட்டிருக்கோ?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தா.

இல்லை அக்கா. பட்டியலில் பெயர் வரும்வரைக்கும்தான் நான். அதற்குப் பிறகு நீங்கள்தான்.